மாமியாருக்குப் படைத்த குழம்பு

கடைப்பொடி போட்ட குழம்பை மாமியாருக்குப் படைத்துவிட்டேன் என்று ஒரு வருஷமாக என் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

செத்துப்போன மாமியார் பெரியநாயகியம்மாளுக்கு முதல் வருஷப் படையல் அது. பிள்ளையார்பாளையத்துக்குக் குடிவந்த பிறகு மசாலாவைப் பொட்டலமாக வாங்கிப் பழகிவிட்டவள் நான். கூரத்திலிருந்து வந்த என் நாத்தனார் செல்லியம்மாள் ஒரு வாய் வைத்ததும் இலையை மடித்துவிட்டாள்.

"எங்கம்மா நாக்குக்குக் கடைப்பொடியா? வடகம் போட்டுத் தாளிக்காத கொழம்ப காக்காகூட தொடாது. அடுத்த வருஷமும் இப்படின்னா படையல கூரத்துல வச்சிக்கிறேன்."

மகன் வீட்டில் நடக்க வேண்டிய படையல் மகள் வீட்டுக்குப் போனால், இருக்கிற ஒரே மருமகள் நான் யார் முகத்தில் விழிப்பது? என் வீட்டுக்காரர் முருகேசன் சைக்கிள் கடை வைத்திருப்பவர். எந்த டியூபில் எங்கே காற்றுப் போகிறது என்று உடனே கண்டுபிடிப்பார். என் முகம் செத்துப்போனது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

கத்திரி வெயில் வந்ததும் பொட்டலங்களை எல்லாம் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். மாமியார் செய்ததைப் பார்த்தவள்தானே நான்? சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்து இடித்து, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் கூட்டி, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்தேன். பகலெல்லாம் உருண்டைகளைக் காயவைத்து, பொழுது சாய்ந்ததும் உடைத்துப் பானையில் மூடி, விடிந்ததும் மறுபடி பிசைந்து உருட்டினேன். அப்படிப் புளித்துக் காய்ந்தால்தான் வடகத்தில் வாசனை ஏறும். தெருவில் நெசவுக்குப் பாவு விரித்திருந்த துரைக்கண்ணு, "எண்ணெய்க் கையோட பட்டுப் பக்கம் வராதம்மா!" என்று தினமும் என்னை விரட்டினார். மொட்டை மாடிக்கு ஏறி இறங்கியே முட்டி தேய்ந்தது.

புது வடகத்தை முதலில் செத்தவருக்குத்தான் படைக்க வேண்டும். அதுவரை வீட்டில் யாரும் வாயில் வைக்கக்கூடாது. பானையின் வாயைத் துணியால் கட்டி வைத்தவள், ஆவணியில் படையல் வரும்வரை அவிழ்க்கவே இல்லை.

படையலன்று மிளகாயும் மல்லியும் அம்மியிலேயே அரைத்து, மாமியாருக்கு உயிரான கருவாட்டுக் குழம்பு வைத்தேன். காய்ந்த எண்ணெயில் வடகத்தை உதிர்த்ததும் வாசனை தெருவையே தூக்கியது. அடேயப்பா, நானா செய்தேன் இதை என்று எனக்கே கர்வமாக இருந்தது.

முருகேசனின் பெரியப்பா கோதண்டபாணிதான் குடும்பத்தில் பெரியவர். அவர் விரலைச் சப்பிக்கொண்டே சொன்னார்: "பெரியநாயகி கை அப்படியே வந்திருக்குதும்மா. இனிமே எப்பவும் படையல் இங்கதான்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுப்படிக்கு வந்த செல்லியம்மாள் என் தோளைத் தொட்டாள். குரலைத் தாழ்த்தி, பிரியமாகத்தான் கேட்டாள்.

"வடகம் பத்துச்சா அலமு? உன்னுது பூஞ்சை புடிச்சிப் போச்சுன்னு போன வாரம் தம்பி வந்து அழாத குறையா நின்னான். நான் செஞ்சு வச்சிருந்ததுல பாதி குடுத்தனுப்பினேன். யார்கிட்டயும் சொல்லல, நீ கவலப்படாத."

போன வாரம் நானே திறந்து பார்க்காத பானையில் பூஞ்சை இருப்பது என் வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? கை கழுவப் போன முருகேசனைக் கிணற்றடியில் மறித்தேன்.

"என் வடகம் எங்க?"

திருதிருவென்று விழித்தார். "நீ கோயிலுக்குப் போயிருந்தப்போ மாத்திட்டேன். உன்னுத செவிலிமேட்டு ஆத்து மணல்ல கொட்டிட்டேன். உனக்கு வருமோ வராதோன்னு பயமா இருந்துச்சும்மா. அக்கா முன்னாடி இன்னொருவாட்டி தலைகுனிய முடியாது."

"பூஞ்சை இருந்துச்சா?"

வாளியைக் கிணற்றில் விடப் போனார்.

"உங்கம்மா மேல சத்தியமா சொல்லுங்க."

"இல்ல. கொட்டறப்பதான் பாத்தேன். அம்மா செஞ்ச மாதிரியே வாசனையா இருந்துச்சு."

"அப்புறம் ஏன் கொட்டினீங்க?"

"அக்காகிட்ட கெஞ்சி வாங்கிக்கினு வந்துட்டேனே. திருப்பிக் குடுத்தா என்ன நெனைக்கும்?"

பழுதாகியிருந்து கொட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். நன்றாக இருக்கிறது என்று தெரிந்தே கொட்டியிருக்கிறார். கொட்டிவிட்டு வந்து, ஊரார் என்னைப் புகழ்ந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். பாவி மனுஷன்!

உள்ளே கோதண்டபாணி வெற்றிலை கேட்டார். தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

"மாமா, நீங்க சாப்பிட்டது அண்ணி வடகம். என்னுது நல்லாத்தான் இருந்துச்சாம், உங்க பிள்ளை ஆத்துல கொட்டிட்டாரு. அடுத்த வருஷம் படையல கூரத்துலயே வச்சிக்கங்க."

முருகேசன் ஈரக் கையோடு ஓடிவந்தார்.

"எல்லார் முன்னாடியும் என்ன அசிங்கப்படுத்திட்டியே அலமு" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது.

எனக்கு அவர் மேல் துளிகூட இரக்கம் வரவில்லை.