திவான் நின்ற கிணறு

1926ஆம் ஆண்டு தை மாதம், மாணிக்ககட் சமஸ்தானத்தின் திவான் பதவியை விட்டு மதுரைக்குத் திரும்பிய ஹாலாஸ்யம் ஐயர், தானப்ப முதலி தெருவில் இருந்த தம் வீட்டுக் கூடத்தில் செருப்பில்லாமல் கால் மணி நேரம் நின்றபோது, நின்ற இடத்தில் தண்ணீர் ஊறியது. முதலில் தரை ஓடு வியர்த்தது. பிறகு இரண்டு பாத அளவுக்கு ஈரம் படர்ந்தது. அவர் நகர்ந்தபோது அங்கே உள்ளங்கை ஆழத்துக்குக் குட்டை நின்றது. அவருடைய மனைவி ஜகதாம்பாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பில்லை என்றாள். பதினேழு வருஷம் நாலு லட்சம் ஜனங்களை ஆண்டவர் அவர். அந்தப் பதினேழு வருஷமும் கம்பளத்தின் மேலும் குதிரை வண்டியிலும் பிறகு மோட்டாரிலுமாகவே கழிந்ததால், இந்த ஊற்று எப்போதிலிருந்து தம் காலில் இருக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. டாக்டர் பஞ்சாபகேசன் பாதங்களைத் துடைத்துவிட்டுப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நோய் ஒன்றும் இல்லை, ஆனால் வீட்டின் அஸ்திவாரத்தை உத்தேசித்து முக்காலியின் மேல் காலை வைத்துக்கொண்டு உட்காருவது நல்லது என்றார்.

அப்போது மதுரையில் ஓய்வு பெற்ற திவான்கள் இன்னும் இருவர் இருந்தார்கள். ஒருவர் தம் சரித்திரத்தை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அறுநூறு பக்கம் ஆகியும் தம் உபநயனத்தைத் தாண்டவில்லை. மற்றவர் தினமும் காலை பத்து மணிக்குத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, சமையற்காரரை எதிரே நிற்க வைத்து நாட்டு நிலவரம் கேட்டார். ஹாலாஸ்யம் ஐயர் முக்காலியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். முதல் மாதம் நாற்பது பேர் பார்க்க வந்தார்கள், இரண்டாம் மாதம் ஏழு பேர், சித்திரைத் திருவிழாவுக்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. அவ்வப்போது மறந்துபோய் எழுந்து நின்றுவிடுவார். அப்படி நின்றதில் பக்கத்து வீட்டுச் சுவர் ஒன்று ஊறி விழுந்தது.

பேரையூருக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து மில்லுக்குப் பருத்தி ஏற்றி வந்த காசிமாயன் என்ற வண்டிக்காரர், அந்தச் சுவரின் கதையை டீக்கடையில் கேட்டுக்கொண்டு ஊருக்குப் போனார். அங்கே இரண்டு வருஷமாக மழையில்லை. ஊர்க்கிணறு நாற்பதடி ஆழத்துக்கு வறண்டு கிடந்தது. முப்பது குடும்பங்கள் ஆடி பிறந்ததும் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போவதாகக் ஆள் சேர்க்கும் கங்காணியிடம் பெயர் கொடுத்திருந்தன. காசிமாயனின் மனைவி ஒச்சாயி பெயர் கொடுக்கவில்லை. அடுத்த பருத்தி வண்டியிலேயே ஏறி வந்து ஐயர் வீட்டு வாசலில் நின்றாள்.

"சாமி, எங்க கெணத்துல வந்து நில்லுங்க" என்றாள்.

"நான் யாருன்னு தெரியுமாம்மா? ஒரு சமஸ்தானத்தை ஆண்டவன்" என்றார் ஐயர்.

"ஆண்டது இருக்கட்டும் சாமி. இப்பச் சும்மாதான இருக்கீக?"

ஐயருக்கு முகம் சிவந்துவிட்டது. கதவைச் சாத்தச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஜகதாம்பாள் உள்ளே போய்ப் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள். "நீங்க இங்க நின்னா சுவர்தான் விழறது. அங்க நின்னு பாருங்கோளேன். நானும் வரேன், சமையலுக்கு ஆள் வேண்டாமா?" என்றாள்.

வைகாசி இருபதாம் தேதி, காசிமாயனின் மாடுகள் பின்னுக்கு நடக்க, தண்ணீர் இறைக்கும் கமலைச் சாலில் உட்கார வைத்து முன்னாள் திவானைக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். கால் பட்டதும் சேறு குளிர்ந்தது. நண்பகலுக்குள் கணுக்கால் நனைந்தது. ஊர் முழுக்கக் கிணற்றைச் சுற்றிக் கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தைக் கண்டதும் ஐயருக்குப் பழைய குரல் திரும்பி வந்தது. வரிசையில் நிற்கச் சொன்னார், கமலைச் சாலை இடப்பக்கம் நகர்த்தச் சொன்னார், குடத்துக்கு எண் போடச் சொன்னார், ஊருக்கு ஒரு கமிட்டி வேண்டும் என்றார். சாயங்காலம் பார்த்தால் சேறு காய்ந்திருந்தது. மறுநாளும் அதுவே நடந்தது. மூன்றாம் நாள் ஒச்சாயி விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு உள்ளே வெகுநேரம் பார்த்தாள்.

"சாமி, நீங்க உத்தரவு போடுறப்பல்லாம் தண்ணி உள்ள போயிருது. மூச்சு வாங்க நிறுத்துறீகல்ல, அப்பத்தான் ஊறுது" என்றாள்.

ஐயர் வாயை மூடினார். நாற்பதடி ஆழத்தில், தலைக்கு மேல் வட்டமாகத் தெரிந்த முகங்களைப் பார்த்தபடி அரை மணி நேரம் நின்றார். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்: மாணிக்ககட்டில் பீலகுண்டா என்று ஒரு ஊர். ஏரிக்கரை உடைந்துவிட்டதென்று அந்த ஊரார் முந்நூறு பேர் மனு கொண்டுவந்து, மூன்று நாள் அவருடைய வாசலில் நின்றார்கள். அந்த வாரம் தர்பார் என்பதால் அவர் பார்க்கவில்லை. நாலாம் நாள் அவர்கள் அங்கே இல்லை.

"அப்பறம் அந்த ஊரு என்னாச்சு?" என்று கேட்டாள் ஒச்சாயி.

"தெரியாது. நான் கேக்கலை."

எங்கோ ஒரு மாடு தலையை ஆட்டிய மணிச்சத்தம் கிணற்றுக்குள் இறங்கியது. ஒச்சாயி, "சரி சாமி, எங்களுக்கும் சொல்ல அம்புட்டு இருக்கு. எங்களதையாவது கேளுங்க" என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாகத் தொடங்கினாள். கங்காணி வாயால் அளந்த சம்பளத்தைச் சொன்னாள், கண்டிக்குப் போய்த் திரும்பாத தன் அண்ணனைச் சொன்னாள். அடுத்து ராக்கம்மாள் தன் காளையை விற்ற கதையைச் சொன்னாள். தங்கப்பொண்ணு பேசவே வராமல் கொஞ்சம் அழுதாள்; ஐயர் அதையும் தலை நிமிர்ந்து கேட்டார். ஒரு தரமும் குறுக்கே பேசவில்லை. பொழுது சாயும்போது தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. ஆறாம் நாள் இடுப்புக்கு வந்தது. ஒன்பதாம் நாள் கழுத்துக்கு வந்ததும், நீச்சல் தெரியாது என்று அவர் அன்றைக்குத்தான் மறுபடி வாய் திறந்து சொன்னதால் மேலே தூக்கிவிட்டார்கள். அதன் பிறகு அந்தக் கிணறு வற்றவில்லை. ஆடி முதல் தேதி கங்காணி வந்தபோது இரண்டு குடும்பங்கள்தான் கிளம்பின. அவற்றிலும் ஒன்று திருமங்கலம் வரை போய்த் திரும்பிவிட்டது.

ஐப்பசியில் மாணிக்ககட்டிலிருந்து தந்தி வந்தது. புதிய திவானுக்கும் இளைய ராஜாவுக்கும் ஒத்துவரவில்லை, உடனே வந்து பதவியேற்க வேண்டும், பழைய சம்பளம், புதிய மோட்டார் என்றிருந்தது. அதற்குள் வேறு ஊர்களும் அவரை அழைக்கத் தொடங்கியிருந்தன; அன்று ஐயர் அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கிணற்றில் தொடை ஆழத்தில் நின்றுகொண்டிருந்தார். ஜகதாம்பாள் தந்தியை விளிம்பிலிருந்து உரக்கப் படித்தாள். தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியது. எல்லோரும் பார்த்தார்கள். ஐயர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஆசை அவரை விட்டுப் போக ஏறக்குறைய ஒரு நாழிகை ஆயிற்று. தண்ணீர் பழைய இடத்துக்கு வந்தபின் பதில் சொன்னார், ஜகதாம்பாள் எழுதிக்கொண்டாள்: "வர இயலாது. வேலையில் இருக்கிறேன். பீலகுண்டா ஏரிக்கரையைக் கட்டுங்கள்." கரையைப் பற்றி மேலும் பதினோரு கடிதம் எழுதினார். நாலாம் வருஷம் கட்டி முடித்ததாகவும், முந்நூறு பேரில் பாதிக்கு மேல் ஊர் திரும்பியதாகவும் பதில் வந்தது. அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஒச்சாயி ஊர்க் கிணறு தொடங்கிப் பதினெட்டு வருஷத்தில் அவர் ஐம்பத்திரண்டு கிணறுகளில் நின்றார். வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். ஜகதாம்பாள் பஞ்சாங்கம் பார்த்துத் தேதி சொல்லுவாள். உள்ளங்கால் குழந்தையின் கால்போல் மிருதுவாகிவிட்டது என்பதைத் தவிர அவருக்கு ஒரு குறையும் இல்லை. சரித்திரம் எழுதிய திவான் ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்து, தாமும் செருப்பைக் கழற்றி நின்று பார்த்தார். ஒன்றும் ஊறவில்லை. ஆனாலும் மாலை வரை உட்கார்ந்து ஜனங்கள் பேசியதைக் கேட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரமும் வந்தார்.

1944இல் பேரையூர்ப் பக்கத்து நிலங்களுக்குப் புதிதாக அடங்கல் என்ற பயிர்க்கணக்கு எழுதிய கணக்குப்பிள்ளை, ஒச்சாயியின் ஊருக்கு வந்தபோது இரண்டாம் போக நெல் கதிர் வாங்கியிருந்தது. நீர் ஆதாரம் என்ற இடத்தில் ஏரி, ஆறு, மழை என்று எழுதிப் பழகியவர், ஒச்சாயியைக் கேட்டார். அவள் களையெடுப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னாள். கணக்குப்பிள்ளை மையைத் தொட்டு, "திவான்" என்று எழுதினார். தாசில்தார் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, எழுத்து தெளிவாக இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.