ரெண்டு பேர் மெஷின்

அந்த கேம் மெஷின் குட்டியானை வண்டியில் வந்து இறங்கியபோது எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஆள் உயரப் பெட்டி. மேலே டிவி போல ஒரு திரை. அதற்குக் கீழே சரிவான பலகையில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆட, ஆளுக்கொரு பிடியும் ஆறாறு கலர் பட்டன்களும்.

எதிர்வீட்டு அஞ்சம்மாள் அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இன்னாடி கிறிஸ்டினா, ஊட்லயே ஏடிஎம் தொறக்கிறியா?" என்றாள்.

"ஆமாக்கா. நீதான் மொதல் கஸ்டமர், கார்டு எடுத்துகினு வா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். உள்ளே கோபம்தான். கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டில் எனக்கொரு தையல் மெஷின் வரும் என்றிருந்தேன். என் வீட்டுக்காரர் ஜோஷ்வா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சென்னையில் இதைச் செய்து விற்கும் ஒருவரிடம் ஆர்டர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

பெட்டி வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்றி, ஒருக்களித்து உள்ளே தள்ளினார்கள். கட்டிலைப் பிரித்து சுவரோரம் சாய்த்த பிறகுதான் அதற்கு இடம் கிடைத்தது. அன்றிலிருந்து எங்களுக்குப் பாய்தான்.

"வலது கைல கட்ட வெரலு மட்டுந்தான் கீது. இத்த வச்சிகினு இன்னா ஆடப் போறீங்க?" என்று கேட்டேன்.

"உள்ளங்கையால தட்டுவேன். எனக்குன்னு வாங்கல கிறிஸ்டினா. இது இருந்துச்சுன்னா அஹ்சன் வருவான்."

அஹ்சன் அண்ணன் பழவேற்காட்டுக்காரர். இவரும் அவரும் சிப்காட்டில் கார் பாகங்கள் அடிக்கும் ஒரு கம்பெனியில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு கவரப்பேட்டையில் ஒரே அறை. லீவு நாளில் ரயிலேறிச் சென்னைக்குப் போய், ஒரு மாலில் இப்படியொரு மெஷின் முன்னால் நின்று சண்டை ஆட்டம் ஆடுவார்களாம். தோற்றவர் பிரியாணி வாங்கித் தர வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வந்தவர், ஜோஷ்வாவின் விரல்கள் போன விபத்துக்குப் பின் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்தார். கட்டிலருகே வராமல், கதவோரமே நின்றுவிட்டுப் போனார். அதோடு சரி. போன் செய்தால், "ஓவர்டைம் மாமே" என்பார். போன விரல்களைப் பற்றி ஜோஷ்வா புலம்பியதே இல்லை. அஹ்சன் வராததைத்தான் சாப்பிடும்போதும் புலம்பினார்.

அந்த விபத்து நடந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தகட்டை அமுக்கி வளைக்கும் பெரிய பிரஸ்ஸில் எதிரும் புதிருமாக இரண்டு பேர் நிற்பார்கள். ஆளுக்கு இரண்டு பட்டன். நாலு பட்டனையும் நாலு கையும் ஒன்றாக அமுக்கினால்தான் பிரஸ் கீழே இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்படி ஓட்டினால் உற்பத்தி எண்ணிக்கை தேறாது. அதனால் ஜோஷ்வா பக்கத்துப் பட்டன்கள் இரண்டும் அமுங்கியே இருக்கும்படி மரச்சக்கை சொருகி வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து செய்ததுதான். ஷிப்டில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குத் தகடு கோணிக்கொண்டது. நேராக்க இவர் கையை விட்டார். எதிர்ப்பக்கம் அஹ்சன் அண்ணன் தன் பட்டன்களை அமுக்கினார்.

மெஷின் வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் நிஜமாகவே வந்துவிட்டார். கையில் ஒரு பை.

"ஏரி எறாம்மா. காலைல புடிச்சது."

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாண்ணே?"

"கேளு, நல்லா கேளு" என்றார் ஜோஷ்வா. அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. "வாடா, இன்னிக்கு உன்ன பிரியாணி வாங்க வைக்கிறேன்."

இருவரும் தோளோடு தோள் நின்றார்கள். நான் இறாலை உரித்துக்கொண்டே பார்த்தேன். முதல் ஆட்டம் ஜோஷ்வா ஜெயித்தார். இரண்டாவதும் அவரே. மூன்றாவதிலும் அஹ்சன் அண்ணனின் ஆள் திரையில் மல்லாந்து விழுந்தபோது ஜோஷ்வாவின் சிரிப்பு நின்றுபோயிற்று.

"டேய், தூங்கிகினு ஆடுறியா?"

"பழக்கம் உட்டுப் போச்சு மாமே."

"எட்டு வெரலு இல்லாதவன் மாதிரி ஆடுற நீ. எனக்கே நாலுதான்டா இல்ல. பாவம் பாத்து தோக்குறியா?"

"அல்லா மேல சத்தியமா இல்லடா."

"அப்ப அமுக்குடா!"

அப்போதுதான் நான் அஹ்சன் அண்ணனின் கண்ணைக் கவனித்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவை பட்டனை அமுக்குவதற்கு முன்னாலும் பக்கத்தில் திரும்பி, ஜோஷ்வாவின் வலது கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார். பார்த்த பிறகே அமுக்கினார். அதற்குள் இரண்டு அடி விழுந்துவிடும்.

சாப்பிடச் சொன்னேன். வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

"பிச்ச போட்டுட்டு போறான் பாரு" என்று ஜோஷ்வா கத்தினார்.

நான் பார்த்ததைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். அவர் தன் வலது கையை மடியில் வைத்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இறால் குழம்பை இரண்டு பேருமே தொடவில்லை.

அடுத்த ஞாயிறு ஜோஷ்வாவே யாருடைய பைக்கிலோ பின்னால் தொற்றிக்கொண்டு பழவேற்காடு போய், அஹ்சன் அண்ணனைக் கூட்டிவந்தார். மெஷினைப் போட்டார். "நீ மட்டும் ஆடு" என்று சொல்லிவிட்டு வாசற்படிக்குப் போய் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்.

"இன்னா மாமே இது, பேஜாரு பண்ற?"

"பாத்துக்கடா. ரெண்டும் மேல கீது. எங்கயும் மாட்டாது. இப்ப அமுக்கு."

அஹ்சன் அண்ணன் பிடியைப் பிடித்தார். திரும்பி வாசலைப் பார்த்தார். அமுக்கினார். மறுபடியும் திரும்பிப் பார்த்தார். அமுக்கினார். கழுத்து போய்வந்து கொண்டே இருந்தது. நெற்றி வியர்வை பலகையில் சொட்டியது.

தெருவில் போன அஞ்சம்மாள் அக்கா நின்று, "இன்னா ஜோஷ்வா, இஸ்கூல்ல மாதிரி கை தூக்கினு நிக்குற? வூட்டுப் பாடம் எழுதலையா? பொண்டாட்டி தண்டன குடுத்துட்டாளா?" என்றாள்.

அஹ்சன் அண்ணன் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டார். திரையில் அவருடைய ஆள் சும்மா நின்றுகொண்டே அடி வாங்கினான், விழுந்தான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். வெளியே போக வாசல் ஒன்றுதான். அதில் இவர் நிற்கிறார்.

"ஒரு ஆட்டம்டா" என்றார் ஜோஷ்வா.

அஹ்சன் அண்ணன் குனிந்து, தூக்கியிருந்த அந்தக் கைக்குக் கீழே நுழைந்து, தெருவில் இறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜோஷ்வா அப்படியே நின்றார். வெயில் படியேறி அவர் கால்வரை வந்தும் கையை இறக்கவில்லை. கடைசியில் நான் போய், முதலில் இடது கையையும் பிறகு வலது கையையும் பிடித்துக் கீழே இறக்கினேன்.