ஒரு தட்டும் வீணானதில்லை

ஒன்பது நாட்கள் யோர்தாங்கா என்ற கிழவியின் வீட்டுக்குச் சாப்பாடு போகவில்லை. பத்தாம் நாள், ஓய்வூதியம் கொடுக்க வந்த தபால்காரர் அவள் இறந்து கிடப்பதைப் பார்த்தார். இதயம் நின்றுவிட்டதாக டாக்டர் எழுதினார்.

ரலித்சா அந்தத் தொண்டு நிறுவனத்தின் சமையல்கூடத்தில் பாத்திரம் கழுவத்தான் முதலில் சேர்ந்தாள். ஆறு வருடத்தில், கிராமங்களில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் திட்டம் முழுவதும் அவள் பொறுப்புக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் ஸ்பெயினிலோ ஜெர்மனியிலோ இருந்தார்கள். சாப்பாடு கேட்டுக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். ஒருவர் இறந்தால் அன்றே அவர் பங்கு அடுத்தவருக்குப் போகும். அவள் கையில் ஒரு தட்டும் வீணாவதில்லை என்று தலைமை அலுவலகம் மெச்சியது. வரும் திங்கட்கிழமை முதல் அவள் தலைநகர் சோஃபியாவில் மேலாளர்.

கமென் புது டிரைவர். பனி கொட்டிய ஒரு காலையில் வண்டியில் இருந்தபடியே போன் செய்தான்.

"அக்கா, யோர்தாங்கா வீட்டு கேட்ல சாவு நோட்டீஸ் ஒட்டியிருக்கு. இந்த சூப்பை என்ன பண்றது?"

"ஐயோ பாவம். சரி, அடுத்த ஊர்ல ஸ்தோயன்னு ஒருத்தர் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்காரு. அவருக்குக் குடுத்துடு."

நோட்டீஸில் யார் பெயர் என்று அவள் கேட்கவில்லை. இறந்த அன்று மட்டுமல்ல, நாற்பதாம் நாளுக்கும், ஆறாம் மாதத்துக்கும், வருடம் திரும்பும்போதும் அதே கறுப்புக் கட்டம் போட்டுத்தான் எல்லோரும் ஒட்டுவார்கள். அவள் வீட்டு வாசலிலேயே அப்பாவுடையது இருந்தது. தபால்காரர் வந்து சொன்ன பிறகுதான் அந்த ஊருக்குப் போய்ப் படித்தாள். யோர்தாங்கா தன் கணவனின் முதல் வருட நோட்டீஸைத் தானே ஒட்டியிருந்தாள். அந்தத் தெருவில் வேறு யாரும் குடியில்லை; எந்தப் புகைபோக்கியிலும் புகை இல்லை.

தலைமை அலுவலக இயக்குநர் பொயானாவுக்கு மட்டும் நடந்ததைச் சொன்னாள்.

"டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. நீயா எதையாவது உளறி வைக்காத. பேசாம பெட்டியக் கட்டிட்டு வந்து சேரு."

வெள்ளிக்கிழமை, ஸ்பெயினிலிருந்து வந்திருந்த யோர்தாங்காவின் மகள் வியாரா அலுவலகத்துக்கு வந்தாள். இறந்தவருக்காக வேகவைத்துச் சர்க்கரை தூவிய கோதுமையைச் சின்னக் கிண்ணங்களில் கொண்டுவந்திருந்தாள். கமெனுக்கு ஒன்று, ரலித்சாவுக்கு ஒன்று.

"சாப்பிடும்மா. எங்கம்மாவை நெனச்சுக்கிட்டு சாப்பிடு." கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். "வலென்சியால யாரோ ஒரு கெழவிக்கு நான் ஊட்டி விடுறேன். அது என் மூஞ்சிலயே துப்பும். இங்க எங்கம்மாவுக்கு நீங்க இருந்தீங்க. கடைசி நாள்கூட சூடா ஒரு வாய் குடிச்சிருப்பாங்கல்ல? அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

கமென் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். ஆமாம் என்று தலையசைத்தால் போதும். வியாராவும் அதற்காகவே காத்திருந்தாள். ரலித்சா வாயிலிருந்த கோதுமையை விழுங்கினாள்.

"இல்லக்கா. கேட்ல இருந்த உங்கப்பா நோட்டீஸைப் பாத்துட்டு, அம்மாதான் போயிட்டாங்கன்னு சாப்பாட்டை நிறுத்தச் சொன்னேன். நான்தான் சொன்னேன். அப்ப அவங்க உயிரோட இருந்தாங்க."