வரிக்கு மேலே ஒரு எழுத்து

கணவர் வண்டியை இரண்டாவது முறையாகத் தவறான சாலையில் திருப்பியபோதே அவளுக்கு நெருடியது. அச்சகத்தில் பதினெட்டு வருடமாகப் பிழை திருத்துகிறவள். ஒரு இடத்தில் உறுத்தினால் மேற்கொண்டு நகர மாட்டாள்.

"மூணு நாள் சுத்தின காடுன்னீங்க. வழி தெரியலையா?"

"அப்ப இந்த ரோடே கிடையாது."

கண்ணாடி வெட்டுகிற தொழில் அவருக்கு. அளவு சொன்னால் இம்மி பிசகாது. அப்படிப்பட்டவர் காலையிலிருந்து எதைக் கேட்டாலும் மழுப்பிக்கொண்டிருந்தார்.

தேசியப் பூங்காவின் பழைய நுழைவுப் பலகை முன்னால், இருபத்திரண்டு வயதில் இடுப்பில் கைவைத்து அவர் நிற்கும் படம் வீட்டுக் கூடத்தில், நீச்சல் போட்டிக் கோப்பைக்கு மேலே மாட்டியிருக்கிறது. தன்னந்தனியாகக் காட்டில் நடந்ததையும் கரடியைக் கத்தியே விரட்டியதையும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஆனால் "என்னையும் ஒருதரம் கூட்டிட்டுப் போங்களேன்" என்றால் மட்டும் முதுகு பிடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் கடையில் தலைபோகிற வேலை வந்துவிடும். இந்த முறை விடுதியில் அறை பதிவு செய்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

பலகை வந்தது. அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"நீ பாத்துட்டு வா. நான்தான் பாத்திருக்கேனே."

பலகையை நோக்கி நடக்கும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. தனியாக வந்தவரைப் படம் எடுத்தது யார்? யாரோ ஒருத்தி இருந்திருக்கிறாள். அதனால்தான் இத்தனை வருடம் இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

இரண்டு கல்தூண்களுக்கு நடுவே ஆள் நீளத்துக்கு மேல் கனத்த மரப்பலகை. பக்கத்தில் சிறிய விளக்கத் தகடு. பழக்கதோஷத்தில் அதை இரண்டு தரம் படித்தாள். செதுக்கியவர் ஓர் எழுத்தை மறந்துவிட்டு, பிறகு வரிக்கு மேலே பொடியாகச் சேர்த்தாராம். எழுபது வருடமாக அதை யாரும் திருத்தவில்லையாம்.

நிமிர்ந்து பார்த்தாள். விட்டுப்போன எழுத்து மேலே ஒண்டிக்கொண்டிருந்தது. கைபேசியில் கூடத்துப் படத்தைத் தேடிப் பெரிதாக்கினாள். அதில் எல்லா எழுத்துகளும் ஒரே வரியில் ஒழுங்காக நின்றன.

வண்டிக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள்.

"இது எந்தப் பலகை?"

அவர் கைபேசியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பொய் சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

"பொருட்காட்சில வெச்சிருந்த மாதிரிப் பலகை. அட்டை. அங்க இருந்த போட்டோக்காரர் எடுத்தது."

"காடு?"

"நண்பர்கள் நாலு பேரோட கிளம்புறதா இருந்துச்சு. பஸ் ஏழு மணிக்குன்னு சொன்னாங்க. நான் போனா, ஆறுக்கே ஏறிப் போயிட்டாங்க. வேணும்னேதான். வீட்ல வழியனுப்பி வெச்சிருந்தாங்க, எந்த முகத்தோட திரும்பிப் போறது? மூணு நாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு லாட்ஜ்ல கிடந்தேன். பொருட்காட்சியும் அங்கதான் நடந்துச்சு."

ஒருத்தியும் இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடியே கோபமும் வந்தது.

"ஆபீஸ்ல எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா? கரடியை நானே கூட நின்னு விரட்டின மாதிரி!"

"நீ என்னைவிட நல்லா சொல்லுவே" என்றார் மெதுவாக.

சிரிப்பு வந்துவிடுமோ என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏழு மணிக்கு அந்தப் பேருந்து நிலையத்தில் பையோடு நின்ற பையனை நினைத்தபோது கோபம் கரைந்துவிட்டது. அதை அவருக்குக் காட்டவில்லை.

"இறங்குங்க. டிக்கெட் வாங்கணும்."

வாசலில் காவலர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். கணவர் அவரிடம் குரலைத் தாழ்த்தி, "உள்ள பயமில்லையே?" என்று கேட்டார். பிறகு மனைவிக்கு இரண்டடி பின்னாலேயே நடந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் நின்றாள்.

"நீச்சல்ல வாங்கின கோப்பை?"

"அது நிஜம்" என்றார் அவர், சற்று அவசரமாக.