கழித்தலில் மறைந்த பெயர்

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆடி மாதத்துக் காலையொன்றில், குரோம்பேட்டையின் ஸ்கேன் மையத்தில், மருத்துவர் கஸ்தூரிரங்கன் கணினித் திரையின் முன் திகைத்து அமர்ந்திருந்தார். திரையில் பூவம்மாளின் மூளை சாம்பல் நிறத்தில் தெரிந்தது. சொல் பிறக்கும் இடத்தைக் காட்ட வேண்டிய செம்புள்ளி ஒன்றுகூட அதில் இல்லை.

பூவம்மாள் கானத்தூர்க் குப்பத்தில் மீன் விற்பவள். அவளுடைய இடப்பக்க நெற்றிக்குப் பின்னே எலுமிச்சை அளவில் ஒரு கட்டி வளர்ந்திருந்தது. பெரும்பாலோர்க்குப் பேச்சு இடப்புற மூளையில் அமையும். அவளோ இடக்கைக்காரி, வலப்புறம் அமைந்திருக்கவும் கூடும். அது தெரிந்தாலன்றி எவ்வளவு வெட்டலாம் என்று அறுவை மருத்துவர் முடிவு செய்ய இயலாது. தவறினால் கட்டியோடு பேச்சும் போய்விடும்.

சோதனை எளியது. அரை நிமிடம், நாவசையாமல், மனத்துள் மீன்களின் பெயர்களைச் சொல்ல வேண்டும். அடுத்த அரை நிமிடம் வெறுமனே இருக்க வேண்டும். இப்படிப் பத்து முறை. முதல் வேளைப் படத்திலிருந்து அடுத்த வேளைப் படத்தைக் கணினி கழிக்கும். எஞ்சுவதே சொல்லின் இருப்பிடம். பூவம்மாளிடம் எஞ்சியது ஒன்றுமில்லை.

"மெஷின்ல ஃபால்ட் இல்ல சார். காலையில நானே உள்ள படுத்து டெஸ்ட் பண்ணேன்" என்றார் எந்திரத்தை இயக்கும் லோகநாதன். "எனக்கு நல்லா செவப்பா வந்துச்சு."

"உங்களுக்கு வராம இருக்குமா? வாய் மூடினாத்தானே" என்றபடி கஸ்தூரிரங்கன் வெளியே வந்தார். லோகநாதனும் பின்தொடர்ந்தார். பூவம்மாள் பெஞ்சில் அமர்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"பூவம்மா, உள்ள இருந்தப்போ என்னென்ன மீன் சொன்னீங்க?"

"மீனா? அந்த லொடலொட சத்தத்துல எவளுக்கு சார் மீனு ஞாபகம் வரும்? சவப்பொட்டி கணக்கா கீது. கெங்கம்மா கெங்கம்மான்னு எங்க குப்பத்து கோயில் ஆத்தா பேரை சொல்லிகினே கெடந்தேன்."

"நான் மைக்ல 'மீன்'னு சொன்னப்போ?"

"அப்பவுந்தான்."

"'போதும்'னு சொன்னப்போ?"

"அப்பவுந்தான். நிறுத்துனா மூச்சு நின்னுடும் போல இருந்துச்சு."

இரு வேளையிலும் இடையறாது நின்ற பெயர். இரண்டிலும் ஒப்ப நின்றமையால் கழிந்துபோயிற்று. எங்கும் நிறைந்தது எங்கும் இல்லாததாகத் தெரிந்தது. நாள்தோறும் தாம் ஓதும் பாசுரங்களின் பொருள் ஒரு கழித்தல் கணக்கில் எதிர்ப்படும் என்று கஸ்தூரிரங்கன் எண்ணியதே இல்லை. நாவில் ஊறிய பெயர் தானே வரும். மீனின் பெயரையோ தேடித்தான் எடுக்க வேண்டும். அந்தத் தேடல் மட்டும் எஞ்சும்படி செய்தால் என்ன?

"இன்னொரு தடவை உள்ள போகணும்மா."

"பேஜாரா போச்சு. நடுவுல சும்மா இருக்க என்னால ஆவாது சார்."

"சும்மா இருக்க வேண்டாம். 'போதும்'னா ஆத்தா பேர். 'மீன்'னா மட்டும் மீன் பேர்."

"அந்நேரத்துக்கு ஆத்தாவ வுட்டுட்டா கோச்சுக்க மாட்டாளா?"

"மீனும் அவ குடுத்தது தானே அக்கா?" என்றார் லோகநாதன்.

"நீ ரொம்ப பேசுற. உன்ன உள்ள போட்டு மூடணும்."

"ஆனா ஒண்ணு. சொன்ன மீனையே திரும்பச் சொல்லக் கூடாது" என்றார் கஸ்தூரிரங்கன்.

"நேத்து மீனை இன்னிக்கு விக்கறவ நான் இல்ல சார்."

மீண்டும் எந்திரம் அதிர்ந்தது. அதன்பின் கணக்கிட ஒரு மணி நேரம் ஆயிற்று. இம்முறை திரையில் செம்மை மெல்லப் பூத்தது. லோகநாதன் கைதட்டினார், கஸ்தூரிரங்கனின் முகமோ வாடியது. வலப்புறம் வரும் என்று அவர் நம்பியிருந்தார். அது இடப்புறத்தில், கட்டிக்குச் சற்றே பின்னால் இருந்தது. அளந்தார்: பதினொரு மில்லிமீட்டர்.

அவளிடம் ஒளிக்காமல் சொன்னார். "நடுவுல ஒரு விரல் அகலம்கூட இல்ல. முழுக்க எடுத்தா பேச்சு போகலாம். கொஞ்சம் விட்டா, மிச்சம் திரும்ப வளரலாம். பேச்சு உங்களுது, நீங்க என்ன சொல்றீங்களோ அதை சர்ஜனுக்கு எழுதறேன்."

பூவம்மாள் அவர் காட்டிய படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இதுல ஆத்தா பேரு எங்க கீது சார்?"

"அது இதுல வராதும்மா. அதைக் கழிச்சாத்தான் இது தெரியும்."

"அப்ப அது எங்க கீதுன்னு உனக்கே தெரியாது?"

"தெரியாது."

"அப்புறம் எப்பிடி முழுசா வெட்டுறது? கொஞ்சம் வுட்டே எடுக்கச் சொல்லு."

கஸ்தூரிரங்கன் அவ்வாறே எழுதினார். காரணம் என்ற இடத்தில் பதினொரு மில்லிமீட்டர் என்று குறித்தார். பின் சிறிது யோசித்து, நோயாளியின் விருப்பம் என்றும் சேர்த்தார்.