அந்தப் பழக்கமே கிடையாது

கூடத்தில் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவர் கடைசியாகப் போட்டிருந்த சட்டையை வாளித் தண்ணீரில் அமுக்கினாள். ஒரு பிடி சோப்புத்தூள் போதும். மூன்று பிடி போட்டாள்.

வெளியே சம்பந்தியம்மாவின் குரல் கணீரென்று கேட்டது.

"தங்கமான மனுஷன். ஒரு பீடி, சிகரெட் உண்டா? ஆஸ்பத்திரிக்கு என் கார்லதானே போனோம், என் காதாலயே கேட்டேனே!"

கேட்டது உண்மைதான். சொன்னவள் இவள்.

போன மாதம் பிரஷர் பார்க்கப் போன இடம். சின்ன டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டு வந்தார். வயது, சர்க்கரை, கொழுப்பு. "சிகரெட் பிடிப்பீங்களா சார்?" லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் வாயைத் திறப்பதற்குள், பக்கத்து நாற்காலிச் சம்பந்தியம்மாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு இவள் முந்திக்கொண்டாள்.

"சேச்சே, அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது."

அவர் இவளைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார்.

திரையில் பச்சைக் கட்டம் வந்தது. "மாரடைப்பு வர்ற ஆபத்து குறைவுன்னுதான் காட்டுது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். நல்லா நடங்க, உப்பைக் குறைங்க."

வீடு திரும்பியதும் மொட்டைமாடியில் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பு! "பள்ளிக்கூடத்துலகூட எனக்கு யாரும் இப்படிப் பதில் சொல்லிப் பாஸ் பண்ண வைக்கலடி."

"சும்மா இருங்க. சம்பந்தி முன்னாடி மானம் போயிருக்கும்" என்று சொல்லி இவளும்தான் சிரித்தாள்.

வாசலில் திடீரென்று மகன் கத்தினான். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தீங்க? பச்சை காட்டுது, பச்சை காட்டுதுன்னு எங்கப்பாவ அனுப்பிட்டீங்களே! மாரடைப்புலயே போயிட்டாரே!"

ஈரக்கையோடு ஓடி வந்தாள். சின்ன டாக்டர் ஒற்றைச் செருப்பைக் கழற்றியபடி படியிலேயே நின்றிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அம்மா, திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன். அதே கணக்குதான் வருது. நான் இன்னும் ஏதாவது கேட்டிருக்கணுமாம்மா?"

வீடே இவளைப் பார்த்தது. சம்பந்தியம்மா மூக்கைச் சிந்துவதை நிறுத்தினாள். இவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாந்தான் கேட்டீங்களே தம்பி" என்றாள்.

டாக்டர் தலையாட்டினார். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு படியிறங்கினார். உள்ளே வாங்க என்று யாரும் சொல்லவில்லை. இவளும் சொல்லவில்லை.

இவள் உள்ளே திரும்ப, மகள் பின்னாலேயே வந்து முந்தானையைப் பிடித்தாள். "அம்மா, அப்பா நேத்துப் போட்டிருந்த சட்டை எங்க? எனக்கு வேணும்."

"நனைச்சுட்டேன்."

"இன்னிக்கா? ஏம்மா நனைச்ச? அப்பா வாசனை இருந்திருக்குமே..."

முந்தானையை விடுவித்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். நுரைக்கு மேலே சட்டையின் தோள்பட்டை காற்றடைத்து எழும்பி நின்றது. உள்ளங்கையால் மெல்ல அமுக்கினாள். உள்ளே போயிற்று. கையை எடுத்ததும் மறுபடி மேலே வந்தது.