சிங்காரத்தின் மழை

தேயிலைத் தோட்டத்துப் பழைய ஸ்டோரில் சாக்குக்கு அடியில் கிடந்த கம்ப்யூட்டரைப் பார்வையாளர் கூடத்துக்குத் தூக்கி வந்தது ஆயுத பூசைக்கு முதல் நாள். மறுநாள் காலை, இலை உருட்டும் மெஷினுக்கும் வாசலில் நின்ற லோரிக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்த சிங்காரம், இதையும் விட மனமில்லாமல் மூன்று விரலால் திருநீற்றுப் பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்து, வெற்றிலையால் இரண்டு சொட்டுத் தண்ணீரும் தெளித்தார்.

“தூங்குனது போதும், எந்திரி சாமி” என்றார் அதனிடம்.

“சாமி எந்திரிக்கணும்னா முதல்ல யூனிக்ஸ் ஏத்தணும்ண்ணே” என்று, கம்ப்யூட்டரை எழுப்பி ஓட்டும் மென்பொருளைச் சொல்லிச் சிரித்தான் ரொனால்ட்.

தோட்ட ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை ரொனால்டுக்கு. பழைய மெஷின் என்றால் உயிர். இதுவோ ஒரு காலத்தில் என்ஜினியர்கள் மட்டும் வைத்திருந்த வொர்க்ஸ்டேஷன். பலகாரப் பெட்டி போலத் தட்டையாக, தூக்கினால் இடுப்பைப் பிடிக்கிற கனத்தில் இருந்தது. அதைத் தொட்ட நாளிலிருந்து அவனுக்குச் சோறு தண்ணி நினைவே இல்லை.

ஆனால் சிங்காரத்துக்கு அந்தப் பெட்டிக்குள் இருந்தது வேறு. எழுபது வயதாகிறது அவருக்கு. இருபத்து மூன்று வருடம், தினமும் காலை ஏழு மணிக்கு, ஃபேக்டரிக்குப் பின்னால் நிற்கும் மழைமானியில் சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, இத்தனை மில்லி என்று ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியிடம் சொல்வது அவர் வேலை. கிராணி இந்த மெஷினில் தட்டி வைப்பார். மகள் கல்யாணத்தன்றுகூட அளந்துவிட்டு வந்துதான் வேட்டி மாற்றினார். பிறகு தானாக அளக்கும் கருவி வந்தது. சிங்காரத்துக்குப் பார்வையாளர் கூடத்தைப் பெருக்கி, பூட்டித் திறக்கும் வேலை கிடைத்தது. மழைக் கணக்கு எழுதிய நோட்டுகள் பழைய ஆபீஸ் மேல் மண் சரிந்தபோது போய்விட்டன. மிச்சம் இருந்தது இந்த டிஸ்க் ஒன்றுதான்.

“டிசம்பர் லீவுக்கு டூரிஸ்ட் வர்றப்ப, இந்தத் திரையில சிங்காரண்ணனோட மழை ஓடணும். முடியுமா ரொனால்ட்?” என்று கேட்டிருந்தார் மேனேஜர் சுபத்ரா.

“ரெண்டு நாள் போதும் மேடம்.”

டிஸ்கில் இருந்த பழைய யூனிக்ஸ் பாதி வழியிலேயே நின்றுவிடும். அதனால் அதைத் தொடாமல், புதிதாக வாங்கிய இன்னொரு டிஸ்கில் யூனிக்ஸை ஏற்றி, அங்கிருந்து பழைய டிஸ்கின் மழையைப் படித்து எடுப்பது என்பது ரொனால்டின் திட்டம். நல்ல திட்டம்தான். ஏற்றும்போது பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றி வைத்திருந்தால் போதும்.

கழற்றவில்லை. நவம்பர் மாத மதியம் ஒன்றில், வெளியே மழை கொட்ட, ரொனால்ட் போனை எதிரே நிமிர்த்தி வைத்து வீடியோ எடுத்துக்கொண்டே வேலையைத் தொடங்கினான். இணையத்தில் பழைய மெஷின்காரர்களின் குழு ஒன்று உண்டு. அவர்கள் பார்க்க வேண்டுமே! மெஷினுக்குள் இருந்த சிறிய பேட்டரி எப்போதோ செத்துவிட்டதால், இன்று என்ன தேதி என்பதைக்கூட அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதையும் போனுக்கு முகம் காட்டியே சொன்னான். திரையில் இரண்டு டிஸ்க் தெரிந்தன: ஒன்று, மூன்று. ஒன்றுதான் பழசாக இருக்கும் என்று மூன்றைத் தேர்ந்தெடுத்தான். அதில் உள்ளதெல்லாம் அழியும், சம்மதமா என்று மெஷின் கேட்டது. சம்மதம் என்று தட்டினான்.

ஒரு மணி நேரத்தில் யூனிக்ஸ் எழுந்து, பெயர் கேட்டு நின்றது. ரொனால்ட் கைதட்டினான். மழையை எடுக்க அடுத்த டிஸ்கைத் திறந்தான். அது காலி. கடையிலிருந்து வந்தபடியே இருந்தது.

அந்த வகை மெஷின்களில் கம்பெனி வைத்து அனுப்பும் முதல் டிஸ்குக்கு மூன்றாம் எண் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குழுவில் நாலு பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான்.

“என்ன ரொனால்ட், மழை வந்திருச்சா?” சுபத்ரா உள்ளே வந்தார்.

மெஷினின் மூடி திறந்திருந்தது. காற்றுத் துளை வழியாக இறங்கிய திருநீறு உள்மூலையில் வெள்ளையாகப் படிந்திருந்தது. ரொனால்டின் விரல் தானாக அங்கே போனது.

“டிஸ்க் போயிருச்சு மேடம். உள்ள பாருங்க. திருநீறு, தண்ணி எல்லாம் இறங்கியிருக்கு.”

திருநீறு இறங்கியது உண்மை. டிஸ்க் போனதும் உண்மை. இரண்டையும் சேர்த்துக் கட்டியதுதான் பொய்.

வாசலில் தேத்தண்ணித் தட்டோடு சிங்காரம் நின்றுகொண்டிருந்தார். சுபத்ரா கடிந்து பேசுகிறவர் அல்ல. “அண்ணே, இனிமே இந்த ரூம்ல பூசை வேணாம். சாவிய எங்கிட்ட குடுத்துட்டு, கொஞ்ச நாள் நர்சரில வேலை பாருங்க” என்று மட்டும் சொன்னார்.

“சரிங்க மேடம்.”

போகும் முன் சிங்காரம் ஒரு கோப்பையை ரொனால்டின் கைக்குப் பக்கத்தில் வைத்தார். சூடு ஆறாமல் இருக்க மேலே சாசரைக் கவிழ்த்து வைத்தார். வழக்கம்போல.

மாலையில், பக்கத்து ஊரான தானா ராத்தாவில் தன் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தபடியே ரொனால்ட் வீடியோவைத் திறந்தான். அழிக்கத்தான் திறந்தான். வீடியோவில், மெஷினுக்குச் சம்மதம் என்று அவன் தட்டுவதற்குச் சற்று முன்னால், படத்துக்கு வெளியே ஒரு குரல் கேட்டது.

“தம்பி, நம்ம மழை பத்திரமா இருக்கும்தானே?”

“ஒண்ணும் ஆகாது லா, போங்கண்ணே.”

சிங்காரம் கேட்டதே அவனுக்கு நினைவில் இல்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை அவன். வீடியோவை அழிக்கவும் முடியவில்லை; யாருக்கும் அனுப்பவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தபோது, மனைவி கரேன் நீட்டிய கையைப் பிடிக்கவே அவனுக்குக் கூசியது. வீடு திரும்பினால், கேட் முன்னால் ஒரு பிளாஸ்டிக் பையோடு சிங்காரம் நின்றார். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

“சௌசௌ, நம்ம கொடியில காச்சது.”

“இவ்ளோவா அண்ணே?” கரேன் பையை வாங்கிக்கொண்டாள். “இவரு மூஞ்சி நாலு நாளா சௌசௌ மாதிரிதான் இருக்கு. இதையும் சேத்துக் குழம்பு வச்சிர்றேன்.”

சிங்காரம் சிரித்தார். பிறகு ரொனால்டைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பூசாரிகிட்ட கேட்டேன் தம்பி. தெரியாம செஞ்சதுக்குத் தோசம் இல்லேன்னாரு. ஆனாலும் உங்க பாடு வீணாப் போச்சே. என்னைய மன்னிச்சிருங்க.”

அப்போதுதான் ரொனால்ட் கவனித்தான். எந்நாளும் பட்டை அழியாத அந்த நெற்றி வெறுமையாக இருந்தது.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, “வாங்கண்ணே, பஸ் ஸ்டாண்டுல விடுறேன்” என்றான். ஐந்து நிமிடக் கார்ப் பயணத்தில் சிங்காரம்தான் பேசிக்கொண்டு வந்தார். ரிங்லெட் பக்கம் நேற்று நல்ல மழையாம். மதியம் கரேன் சௌசௌக் குழம்பு ஊற்றினாள். ஒரு வாய் எடுத்தவன், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

திங்கட்கிழமை காலை, சிங்காரத்தையும் கூடத்துக்கு வரச் சொல்லும்படி சுபத்ராவைக் கேட்டுக்கொண்டான். இருவருக்கும் முன்னால் போனை வைத்து வீடியோவை ஓட விட்டான். அது முடிந்ததும், “டிஸ்கை அழிச்சது நான். திருநீறு இல்ல. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்” என்றான்.

சுபத்ரா போனை அவன் பக்கமாகத் தள்ளினார். “அன்னிக்கு அந்த சாவிய நான் வாங்கினேன் ரொனால்ட். என் கையால வாங்கினேன்” என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சிங்காரம் தன் வலது கையின் மூன்று விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப திருநீறு ஒண்ணும் பண்ணலையா தம்பி?”

“பண்ணலண்ணே.”

“முருகா” என்று மூச்சு விட்டார். பிறகுதான் கேட்டார்: “மழை திரும்ப வராதா?”

“வராதுண்ணே.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் அசைந்தன. சுபத்ரா ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். சிங்காரம் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“ஒரு தீவாளிக்கு முந்தின நாளு நூத்தி நாப்பத்திரெண்டு மில்லி. அது மட்டும் நெஞ்சுல நிக்குது.”

“சொல்லுங்கண்ணே, எழுதிக்கிறேன்.”

மகள் கல்யாணத்தன்று ஒன்பது. மண் சரிந்த நாள் தொண்ணூற்றாறு. மனைவி இறந்த காலை ஒன்றும் இல்லை, குவளை காய்ந்து கிடந்தது. மத்தியானம் வரை யோசித்தும் இருபத்து மூன்று வருடத்தில் பதினொரு நாள்தான் கிடைத்தது. பதினொன்றையும் ரொனால்ட் மெஷினில் ஏற்றினான்.

டிசம்பரில் கூடம் திறந்தது. மேசை மேல் வைக்கும் அட்டையை ரொனால்டே எழுதினான்:

மழையை அளந்தவர்: சிங்காரம், இருபத்து மூன்று வருடம்.
அதை அழித்தவர்: ரொனால்ட், ஒரு மதியம்.

“ரெண்டாவது வரி வேணாம் தம்பி. உங்க பிள்ளைங்க வந்து படிக்கும்.”

“படிக்கட்டும்ண்ணே.”

சாவி மறுபடி சிங்காரத்தின் இடுப்பில் இருந்தது. நெற்றியில் பட்டையும் வந்துவிட்டது. முதல் நாள் காலை, கதவைத் திறந்ததும் மடியிலிருந்து திருநீற்றுப் பையை எடுத்தவர், மெஷின் வரை நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, குனிந்து மேசைக் காலில் பூசினார்.

“மெஷினுக்கே வைங்கண்ணே” என்றான் ரொனால்ட்.

“வேணாம் தம்பி. எதுக்கு வம்பு. மேசைக்குப் போதும்.”

கோபமில்லாமல்தான் சொன்னார். ரொனால்டால் தலையை நிமிர்த்த முடியவில்லை. மெஷினுக்கு அன்றைய தேதியைத் தட்டத் தொடங்கினான். இலக்கங்கள் இரண்டு முறை தப்பின.

கைக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை வந்து அமர்ந்தது. மேலே சாசர் கவிழ்ந்திருந்தது.

“ஆறிடும், குடிங்க” என்றார் சிங்காரம்.